தாத்தா கலர்

லட்ச ரூபாய் கொடுத்து காமிரா வாங்குகிறார்கள். மாப்பிள்ளை மீசையின் ஒவ்வொரு முடியையும் எண்ணலாம், அவ்வளவு துல்லியம். எடுத்த கையோடு படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, மங்கவைத்து, நாலு கீறல் போட்டு, ஓரத்தைக் கரையான் அரித்த மாதிரி பண்ணிவிட்டு, 'வின்ட்டேஜ் லுக் பாஸ்!' என்கிறார்கள். தாத்தாவோ போட்டோ பளிச்சென்று வரணும் என்பதற்காக இரவல் கோட்டை மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து நின்றவர்.

தப்பில்லை, ஆசைதானே. ஆனால், பொய்யையாவது ஒழுங்காகச் சொல்ல வேண்டாமா?

முதலில் செபியா. பழுப்பாக இருந்தால் வயசாகிவிட்டது என்று நினைப்பு. கறுப்பு வெள்ளைப் பிரிண்டில் நாம் பார்ப்பது பொடிப்பொடியான வெள்ளித் துகள்கள். அதை ப்ளீச் செய்து, சல்ஃபைடு கரைசலில் முக்கினால் வெள்ளி, சில்வர் சல்ஃபைடாக மாறிப் பழுப்பாகும் (அழுகிய முட்டை நாற்றம் இலவசம்). இந்தக் குளியல் பிரிண்ட் போடும்போதே ஸ்டூடியோவின் இருட்டறையில் நடந்தது. அழகுக்காக மட்டுமில்லை, படம் சீக்கிரம் கெடாமல் இருக்கவும்தான். ஆக, செபியா மூப்பு அல்ல. மூப்புக்குப் போட்ட தடுப்பூசி!

நிஜமாகவே கெட்டுப்போன கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். கறுப்பான இடங்களில், முக்கியமாக ஓரங்களில், ரசம் பூசின மாதிரி ஒரு மினுமினுப்பு தெரியும். வெள்ளி மேலே வந்து படிந்திருக்கிறது. எந்த ஆப்பாலும் இதைச் செய்ய முடியாது. செல்போனைச் சாய்த்தால் உங்கள் முகம்தான் தெரியும்.

கலர் படங்கள் கதை வேறு. சயான், மெஜந்தா, மஞ்சள் என்று மூன்று சாயம். எழுபதுகளில் வந்த பல பிரிண்டுகள், டிரங்குப் பெட்டி இருட்டில் கிடந்தால்கூட சயான் முதலில் கழன்றுகொண்டு, குடும்பமே செக்கச்செவேலென்று ஆகிவிடும். வெயில் படுகிற சுவரில் தொங்கினால் நேர்மாறு. மெஜந்தா வெளுத்து, படம் பச்சையும் நீலமுமாகத் திரும்பும். சலூன் கண்ணாடிக்கு மேலே நீலம் பாரித்த ஹீரோவைப் பார்த்திருப்பீர்களே, அந்த அச்சு மைக்கும் ஏறக்குறைய இதே கதிதான். ஆகவே கலரைத் தொடுவதற்கு முன் முடிவு பண்ணுங்கள், உங்கள் படம் பெட்டியில் கிடந்ததா, சுவரில் தொங்கியதா? இரண்டும் என்றால் மாட்டிக்கொள்வீர்கள்.

2010-ல் வந்த இன்ஸ்டாகிராமில் ஆரம்பகால ஃபில்டர் ஒன்றுக்கு '1977' என்றே பெயர். தட்டினால் எல்லாம் ரோஸ் கலர். அதே 1977-ல்தான் அல்லிநகரத்து பாரதிராஜாவின் '16 வயதினிலே' வந்தது. அப்போது தியேட்டரில் பார்த்தவர்களைக் கேளுங்கள். மயில் ரோஸ் கலரில் இருந்ததாக ஒருத்தரும் சொல்லமாட்டார்.

இல்லாததைப் படத்தில் சேர்ப்பது கம்ப்யூட்டர் கற்றுக்கொடுத்த கெட்ட பழக்கமும் அல்ல. 1858-ல் மதுரைக்கு வந்து திருமலை நாயக்கர் மகாலையும் மீனாட்சியம்மன் கோயிலையும் படமெடுத்தார் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ கேப்டன், சென்னை மாகாண அரசின் போட்டோகிராபர். அந்தக் காலத்துப் பிரிண்டில் வானம் வெறும் வெள்ளையாகத்தான் விழும். மனிதர் பிரஷ்ஷை எடுத்து நெகட்டிவிலேயே மேகம் வரைந்திருக்கிறார்! பின்னால் வந்த நம்மூர் ஸ்டூடியோக்காரர்களும் பென்சிலைச் சீவி, அம்மைத் தழும்பை நெகட்டிவிலேயே மறைத்துக் கல்யாணங்களை நடத்திவைத்தார்கள்.

இதுவரை விளையாட்டு. புதுசைப் பழசாக்குவதில் யாருக்கும் நஷ்டமில்லை. பழசைப் புதுசாக்கும்போதுதான் எனக்குப் பகீரென்கிறது.

மயிலாடும்பாறை மாதிரி, வருசநாட்டு மலையடிவார ஊர்களில், காடு கரை, ஆடு மாடு என்றே காலத்தைக் கழித்த கிழவிக்கு ஆயுசுக்கும் ஒரே ஒரு போட்டோதான் இருக்கும். வாக்காளர் அட்டைப் படம். டி.என். சேஷன் தேர்தல் கமிஷனராக இருந்து 1993-ல் அட்டையைக் கொண்டுவந்தாரோ, அதுவாவது மிஞ்சியது. கிழவி கண்ணை மூடியதும் பேரன் அதை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு ஓடுவான்.

"அண்ணே, அப்பத்தா படம். பெருசாப் போட்டுக் குடுங்க, பதினாறாம் நாளுக்கு வேணும்."

"வேற படம் ஏதும் இல்லையாப்பா?"

"இது ஒண்ணுதாண்ணே இருக்கு."

முன்பெல்லாம் தலையை மட்டும் வெட்டி, யாரோ ஒரு பட்டுப்புடவை உடம்பில் ஒட்டிக் கொடுப்பார்கள். முகமாவது அப்பத்தாவுடையது. இப்போது ஏஐ வந்துவிட்டது. மங்கின படத்தைக் கொடுத்தால் ஒரே நிமிஷத்தில் பளபளவென்று திருப்பித் தருகிறது. எப்படி? தெரியாத இடத்தை, தான் பார்த்துப் படித்த ஆயிரக்கணக்கான முகங்களை வைத்துக் குத்துமதிப்பாக நிரப்புகிறது. அந்த ஆயிரத்தில் தண்டட்டி போட்டுத் தோள்வரை தொங்கின காது எத்தனை இருந்திருக்கும்? தாடையில் பச்சைக் குத்தின புள்ளி? அதுபாட்டுக்குக் காதைச் சுருக்கிச் சின்னதாகக் கம்மல் மாட்டிவிடும். பச்சையை அழுக்கென்று துடைத்துவிடும். சுருக்கமும் போச்சு. பேங்க் விளம்பரத்தில் வருகிற பாட்டிக்கு மாலையைப் போட்டுப் பேரன் பேத்திகள் விழுந்து கும்பிடுவார்கள்.

ஸ்டூடியோவில், "கீறலை மட்டும் எடுங்கண்ணே, காதுல கை வைக்காதீங்க" என்று சொல்லிவிடுங்கள். புதுப்படம் வந்துவிட்டதென்று பழசைக் குப்பையில் போடாதீர்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடிப் பிடித்து, லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு நகலெடுத்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் லண்டன்வரை போகவேண்டாம். கண்ணாடி ஃப்ரேமோடு ஃபிளாஷ் அடித்து எடுக்காமல், 600 டிபிஐயில் ஒரு ஸ்கேன், அப்படியே, ஒன்றையும் திருத்தாமல். படத்தின் பின்பக்கம் அப்பத்தா பேரையும் ஊரையும் மெத்தென்ற பென்சிலால் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம். அழுத்தினால் முன்பக்கம் அவள் கன்னத்தில் பள்ளம் விழும்.