நெஞ்சுல அடைக்கிறது கேஸ்தானா?

"டாக்டர், நெஞ்சுல கேஸ் அடைச்சிருக்கு. ஒரு கேஸ் ஊசி போட்டு விட்ருங்க."

தமிழ்நாட்டில் எந்த ஊர் கிளினிக்கில் உட்கார்ந்தாலும் காதில் விழும் வாக்கியம் இது. இதில் வரும் 'கேஸ்' என்ற சொல்லைப் பற்றித்தான் இன்றைய பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

17ஆம் நூற்றாண்டில் பிரஸ்ஸல்ஸ் பக்கம் வாழ்ந்த வான் ஹெல்மான்ட் உருவாக்கிய சொல் இது. கரி எரியும்போதும் திராட்சைச் சாறு புளிக்கும்போதும் வெளிவரும், கண்ணுக்குத் தெரியாத பொருளுக்கு அவருக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. குழப்பம், ஒழுங்கற்ற வெளி என்று பொருள்படும் 'கேயாஸ்' என்ற கிரேக்கச் சொல்லை வைத்து 'கேஸ்' என்றார். அவரும் டாக்டர்தான்!

பிறவியிலேயே குழப்பம். அப்புறம் எப்படி இருக்கும்?

சமையலறையில் கேஸ்னா சிலிண்டர். அமெரிக்காவில் கேஸ்னா பெட்ரோல், அதாவது திரவம். போலீஸ் வீசும் 'டியர் கேஸ்' உண்மையில் திடப்பொருளின் நுண்துகள்கள். திருவிழாவில் தலையில் தூக்கிட்டுப் போன 'கேஸ் லைட்'டில் எரிந்தது மண்ணெண்ணெய் ஆவி. தமிழில் எழுதினால் கோர்ட் வழக்கும் கேஸ், வார்டில் படுத்திருக்கும் நோயாளியும் கேஸ். ஐசியூவில் "பிளட் கேஸ் அனுப்புங்க" என்று டாக்டர் சொன்னால், வெளியே நிற்கும் உறவினர் "ஐயோ, ரத்தத்துலயே கேஸ் ஏறிடுச்சா?" என்று பதறுவார். அது ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு அளவுகளைப் பார்க்கும் டெஸ்ட். அவ்வளவுதான்.

இதனால எல்லாம் யாருக்கும் ஆபத்து இல்லை. நம்ம ஊர் 'கேஸ்'தான் ஆபத்து.

ஏன்னா நாம சொல்ற கேஸ் ஆங்கிலேயர் சொல்ற கேஸே இல்லை. அது நம்ம பழைய 'வாய்வு'. முதுகுல வாய்வுப் பிடிப்பு, இடுப்புல வாய்வு, உருளைக்கிழங்கு வாய்வு, மொச்சை வாய்வு என்று உடம்புக்குள் சுற்றிவரும் எல்லா வலிக்கும் பாட்டி காலத்தில் ஒரே பெயர் இருந்தது. அந்த வாய்வுக்கு பேண்ட் சட்டை மாட்டிவிட்டு 'கேஸ்' என்று கூப்பிடுகிறோம். அதனால்தான் ஏப்பம், நெஞ்செரிச்சல், வயிற்று உப்புசம், தோள்பட்டை வலி, படபடப்பு, மாரடைப்பு எல்லாமே அந்த ஒரு சொல்லுக்குள்ள வந்து உட்கார்ந்துக்குது.

உண்மையான கேஸ் எங்கே இருக்கும்? சாப்பிடும்போது விழுங்கிய காற்று இரைப்பையில் இருக்கும், ஏப்பமா வந்துடும். பெருங்குடலில் பாக்டீரியாக்கள் உணவை நொதிக்க வைத்து ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு போன்றவற்றை உண்டாக்கும், அது கீழ் வழியா போயிடும். இந்தக் காற்று குடலை விட்டுக் கிளம்பி நெஞ்சுக்கோ கைக்கோ தோளுக்கோ நடந்து போகாது. போறதுக்கு ரோடே கிடையாது.

'கேஸ் மாத்திரை' கதை இன்னும் வேடிக்கை. காலையில் வெறும் வயிற்றில் போடுகிற பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல் எதுவும் காற்றைக் குறைக்காது. அவை அமிலம் சுரப்பதைக் குறைப்பவை. மருந்துக்கடை கவரில் பேனாவால் 'கேஸ்' என்று எழுதிக் கொடுத்தே அந்தப் பெயர் நிலைச்சுப் போச்சு.

சரி, மாரடைப்பு ஏன் கேஸ் மாதிரியே தெரியுது? இதயமும் உணவுக்குழாயும் வலியைச் சொல்ல ஏறக்குறைய ஒரே நரம்புப் பாதையைத்தான் பயன்படுத்துகின்றன. செய்தி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று மூளையால் சரியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. அதிலும் இதயத்தின் அடிப்பக்கச் சுவர் உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்திருக்கு, அதுக்குக் கீழேயே இரைப்பை. அந்தப் பக்கம் ரத்தம் தடைபட்டால் மேல் வயிற்றில் அழுத்தம், குமட்டல், வாந்தி, ஏப்பம் எல்லாம் வரும். அசல் அஜீரணம்தான் என்று தோன்றும். சர்க்கரை நோயாளிகள், வயதானவர்கள், பெண்கள் இவர்களுக்கு சினிமாவில் காட்டுற மாதிரி நெஞ்சைப் பிடிச்சுட்டு சரியற வலி வராமலும் போகலாம். வெறும் மூச்சுத் திணறல், களைப்பு, குளிர்ந்த வியர்வை மட்டும் இருக்கலாம்.

குறிப்பா வீட்டுப் பெண்கள். "காலையில சாப்பிடாம வேலை பார்த்தா கேஸ்தான் சேரும்" என்று வீடே சேர்ந்து நோயைக் கண்டுபிடிச்சு முடிச்சிடும். சோடா, பெருங்காயம், ஓம வாட்டர், அப்புறம் படுக்கச் சொல்றது. அதுலயே ரெண்டு மணி நேரம் போயிடுது. அடைபட்ட ரத்தக்குழாய்க்குப் பின்னால் இருக்கும் இதயத் தசை அந்த ரெண்டு மணி நேரமும் செத்துக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று. சோடா குடிச்சு ஏப்பம் வந்து வலி கொஞ்சம் குறைஞ்சாலும் அது இதய வலி இல்லைன்னு அர்த்தம் இல்லை. "ஏப்பம் விட்டதும் லேசாச்சு, அதனால கேஸ்தான்" என்ற கணக்கை வைத்து முடிவு எடுக்காதீங்க.

நெஞ்சிலோ மேல் வயிற்றிலோ அழுத்தம், கூடவே வியர்வை, மூச்சுத் திணறல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி இருந்தால் 108க்கு போன் பண்ணுங்க. பைக்கை எடுத்துட்டு தனியா கிளம்பாதீங்க. பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம்தான் இருக்கா? அங்கேயே போங்க. 2023இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் மாரடைப்புக்கான முதல் தவணை மாத்திரைகளை அங்கேயே கொடுத்து மேல் சிகிச்சைக்கு அனுப்புவார்கள்.

நெஞ்சு வலி என்று வந்தவருக்கு 10 நிமிஷத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது விதி. ஆனால் சீட்டு போடும் இடத்தில் "கேஸ் பிராப்ளம்" என்று சொல்லிட்டா, பெஞ்சில் உட்கார வெச்சுடுவாங்க. முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும், "கேஸ்தான் போல"ன்னு உடனே வீட்டுக்குக் கிளம்பிடாதீங்க. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு ஈசிஜியும் டிரோபோனின் ரத்தப் பரிசோதனையும் தேவைப்படும்.

அதனால ஆஸ்பத்திரியில் 'கேஸ்'ங்கற பேரைச் சொல்லாம, என்ன செய்யுதுன்னு சொல்லுங்க. எரியுதா, அழுத்துதா, எங்கே பரவுது, நடந்தா கூடுதா. முக்கியமா எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுன்னு சொல்லுங்க. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாமா வேண்டாமா என்பதை டாக்டர் அந்த நேரத்தை வைத்தும்தான் முடிவு பண்ணுவார்.