காலி அரங்கத்து ரசிகர்கள்

'ப்ராக்ரஸிவ் ராக்' என்பதை முற்போக்கு ராக் என்று தமிழில் எழுதினால் நம்மில் பாதிப்பேர் அதைக் கேட்காமலே எதிர்ப்பார்கள். மீதிப்பேர் கேட்காமலே ஆதரிப்பார்கள். இரு தரப்புக்கும் கேட்பது என்பது அநாவசியமான காரியம். இலக்கியத்தை வைத்து இதைப் பலமுறை சொல்லியாயிற்று. பயனில்லை. இந்தத் தடவை சங்கீதத்தை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

சில வாரங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, சேலையூரில் நண்பர் ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் கொடிக்கயிற்றில் வெள்ளை வேட்டியைக் கட்டி, அதன்மேல் பின்க் ஃப்ளாய்டின் பாம்பெய் படத்தை ஓட்டினார்கள். பதினோரு பேர் இருந்தோம். நான்கு பேர் கவிதை எழுதுகிறவர்கள், இரண்டு பேர் எழுதி நிறுத்தியவர்கள், மற்றவர்கள் தாம்பரம், பல்லாவரம் பக்கத்து ராக் ரசிகர்கள். படம் முடிந்து ஒன்றரை மணி நேரம் அபிப்பிராயங்கள் பரிமாறப்பட்டன. இந்தக் கட்டுரை அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றியது.

படத்தை அறியாதவர்களுக்கு: 1971 அக்டோபரில் இத்தாலியில், எரிமலைச் சாம்பலில் புதைந்து மீண்ட பாம்பெய் நகரத்தின் பழைய வட்ட அரங்கத்தில், பார்வையாளர்களே இல்லாமல் நான்கு பேர் வாசித்தார்கள். ஏட்ரியன் மாபென் படமாக்கினார். 1972ல் வெளிவந்தது. 2025ல் மூல நெகடிவிலிருந்து புதுப்பித்து, ஒலிக்கலவையை ஸ்டீவன் வில்சனைக் கொண்டு புதிதாகச் செய்து, மறுபடி தியேட்டர்களுக்கு அனுப்பினார்கள். நாங்கள் பார்த்தது இந்தப் புதுப் பதிப்பு.

இனி அபிப்பிராயங்கள். முதலாவது, எல்லோரும் தலையாட்டி ஏற்றுக்கொண்டது: "ரிகார்டில் இருக்கிற மாதிரியே இருக்கிறது." இதைவிட உயர்ந்த பாராட்டு இந்த ரசிகர்களிடம் இல்லை. ஒரு கச்சேரி அதன் ரிகார்டைப் போல இருப்பதுதான் அதன் மேன்மை என்றால், கச்சேரி எதற்கு? ரிகார்டே போதுமே. இது போகட்டும். படத்தின் முதலிலும் கடைசியிலும் இரண்டு துண்டாக வரும் 'எக்கோஸ்', 'மெடில்' என்ற இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கும் உருப்படி. பாம்பெயில் படப்பிடிப்பு நடந்தது அக்டோபர் முதல் வாரத்தில். 'மெடில்' கடைக்கு வந்ததோ அதற்குப் பிற்பாடு. அந்த வெயிலில் அவர்கள் வாசித்தபோது, ஒப்பிட்டுப் பார்க்க உலகத்தில் எந்த ரசிகர் கையிலும் அந்தத் தட்டு இல்லை. இன்னும் ஊரறியாத ஒன்றை அவர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பது வருஷத்துக்கும் மேலாகத் தட்டைக் கேட்டு மனப்பாடம் பண்ணியவர்கள் பின்னோக்கிப் போய் மார்க் போடுகிறார்கள்.

இரண்டாவது அபிப்பிராயம் கொஞ்சம் கவித்துவமானது. எழுதி நிறுத்தியவர்களில் ஒருவர் சொன்னது. 'செட் த கன்ட்ரோல்ஸ் ஃபார் த ஹார்ட் ஆஃப் த சன்' உருப்படியில் அந்தப் புராதனக் கல்லின் எதிரொலி கேட்கிறதாம். இரண்டாயிரம் வருஷத்து மௌனம் அதில் இறங்கியிருக்கிறதாம். அந்த உருப்படி பாம்பெயில் எடுக்கப்பட்டதே இல்லை. பாரிஸில் ஒரு ஸ்டூடியோவுக்குள், அதே வருஷம் டிசம்பரில் எடுத்துச் சேர்த்தது. பாம்பெயில் வாசித்தவை மூன்றே உருப்படிகள். பாரிஸ் ஸ்டூடியோச் சுவரில் இரண்டாயிரம் வருஷத்து மௌனத்தைக் கேட்ட காது, நாளைக்கு ஒரு மோசமான கவிதைத் தொகுப்பில் ஆத்ம தரிசனத்தையும் கேட்கும். கேட்டிருக்கிறது. முன்னுரைகளில் அச்சாகியும் இருக்கிறது.

அந்தப் பாட்டின் வரிகள் பலவற்றை ரோஜர் வாட்டர்ஸ் எடுத்தது ஏ.ஸி. கிரஹாம் ஆங்கிலத்தில் பெயர்த்த பிற்கால டாங் வம்சத்துச் சீனக் கவிதைகளிலிருந்து. சீனக் கவிதையை ஆங்கிலம் வழி படித்துத் தமிழில் புதுக்கவிதை செய்த நமக்கு இது கொஞ்சமாவது சுவாரஸ்யமாக இருந்திருக்க வேண்டும். அன்று ராத்திரி இதில் ஒருவருக்கும் அக்கறை இல்லை. கல்லின் எதிரொலி போதுமானதாக இருந்தது.

மூன்றாவது வகை, சாமான் பட்டியல். எந்த கிதார், எந்த ஆம்ப்ளிஃபயர், ஒலிபெருக்கிப் பெட்டி எத்தனை. இதைச் சொல்கிறவர்களை நான் பரிகசிக்கப் போவதில்லை. சாமானைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் பட்டியல் முடிந்ததும் பேச்சும் முடிந்துவிடுகிறது. டிசம்பர் சீசனில் சபா நாற்காலியில் நோட்டுப் புத்தகத்தை விரித்து ராகத்தின் பெயரையும் தாளத்தையும் எழுதிக்கொள்ளும் மாமாவை நாம் எத்தனை கேலி செய்திருப்போம்? அவருடைய பேரன்தான் இந்த மாடியில் உட்கார்ந்திருந்தான். நோட்டு மாறியிருக்கிறது. க.நா.சு. பட்டியல் போடுகிறார் என்று ஒரு தலைமுறையே வைதது. அவர் பட்டியலில் ஒரு பெயர் சேர்ந்தால் அதற்குப் பின்னால் அவர் அந்தப் புஸ்தகத்தைப் படித்திருந்தார் என்ற உத்தரவாதமாவது இருந்தது.

இத்தனை அபிப்பிராயங்களுக்கும் நடுவில் யாரும் சொல்லாமல் விட்டது என்ன? 'ஒன் ஆஃப் தீஸ் டேஸ்' வாசிக்கும்போது நிக் மேசன் கையிலிருந்து டிரம் குச்சி ஒன்று நழுவிப் பறக்கிறது. தாளத்தை விடாமல் இன்னொரு குச்சியை எடுத்துக்கொள்கிறார். படம் நெடுக, அந்த நாலு பேர் மனுஷர்கள், நாலு இயந்திரங்களில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்த க்ஷணம் அது. அந்த உருப்படியில் காமிரா ஏன் டிரம்காரரையே பார்த்துக்கொண்டிருக்கிறது? மற்றவர்களை எடுத்த பிலிம் சுருள்கள் தொலைந்துபோயின. மிஞ்சியதை வைத்து வெட்டி ஒட்டினார் மாபென். தொலைந்த சுருளினால் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் கதாநாயகனானார்.

படமே ஒரு தொலைப்பில் பிறந்ததுதான். பாம்பெய்க்குச் சுற்றுலா போன மாபென் தன் பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டு, அதைத் தேடிச் சாயங்காலம் தனியாக அரங்கத்துக்குத் திரும்பி வந்தபோது உதித்த யோசனை. படப்பிடிப்புக்குப் போனால் அங்கே மின்சாரம் போதவில்லை. நாட்கள் வீணாகி, கடைசியில் ஊருக்குள்ளிருந்து தெருத்தெருவாகக் கேபிள் இழுத்துக்கொண்டு வந்தார்கள். எரிமலையும் புராதனக் கல்லும் கண்ணுக்குத் தெரிகின்றன. அந்தக் கேபிள் தெரிவதில்லை. இந்தச் சங்கீதம் மின்சாரத்தின் சங்கீதம். கேபிளை மறந்துவிட்டு எரிமலையை மட்டும் ரசிப்பது, அச்சுக் கோர்ப்பவரை மறந்துவிட்டுக் கவிதையின் அமரத்துவத்தைப் பேசுவது போன்றது.

"நாய்ப் பாட்டைத் தள்ளி ஓட்டு" என்று ஒரு குரல் வந்தது. தள்ளி ஓட்டினார்கள். பாரிஸ் ஸ்டூடியோவில் ஒரு பெரிய நாயை உட்கார வைத்து, ஹார்மோனிகா வாசிக்க, அது தலையைத் தூக்கி ஊளையிடும். விளையாட்டுத்தனம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் படத்தில், வாசிப்பதைக் கேட்டு உடனே பதில் சொல்கிற ஒரே ஜீவன் அந்த நாய்தான். படத்தின் ஒரே ரசிகரை ரசிகர்கள் தள்ளி ஓட்டிவிட்டார்கள்.

மாபெனுக்கு ஆளில்லாத அரங்கம் தேவைப்பட்டதற்கு நியாயமிருந்தது. 1970ல் வந்த 'ஊட்ஸ்டாக்' படத்தில் கச்சேரிக்குச் சமமாகக் கூட்டமும் காட்சிப்பொருள். அதே வருஷம் வந்த 'கிம்மி ஷெல்டர்' படத்தில், 1969 டிசம்பரில் ஆல்டமான்ட் கூட்டத்தில் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டது பிலிமில் பதிவாகியிருந்தது. ஊட்ஸ்டாக்குக்கு நேர் எதிராக ஒன்றைச் செய்ய விரும்பியதாக மாபெனே சொல்லியிருக்கிறார். அந்த அரங்கத்துக்கே அப்படி ஒரு பூர்வகதை உண்டு. கி.பி. 59ல் அங்கே பாம்பெய்க்காரர்களுக்கும் பக்கத்து ஊரான நுகேரியாக்காரர்களுக்கும் விளையாட்டைப் பார்க்க வந்த இடத்தில் சண்டை மூண்டு, வசவு கல்லாகி, கல் கத்தியாகி, பலர் செத்தார்கள். அப்படிப்பட்ட காட்சிகளையே அந்த ஊரில் பத்து வருஷம் ரோமாபுரி தடை செய்தது. கூட்டம் ஆபத்தானது. 1971ல் காலி அரங்கம் ஒரு வாதம். இன்று மாடியில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அது வாதமில்லை, வசதி. வியர்வை நாற்றம் கிடையாது, முன்னால் நிற்பவன் தலை மறைக்காது, யாரும் தவறாக வாசிக்க மாட்டார்கள், நாமும் தவறான இடத்தில் கை தட்டிவிட மாட்டோம். 2016ல் டேவிட் கில்மர் அதே அரங்கத்துக்குத் திரும்பிப் போய், இந்தத் தடவை ஜனங்களுக்கு முன்னால் வாசித்தார். அதுவும் படமாக இருக்கிறது. எங்கள் மாடியில் அதைப் பற்றிச் சொல்லப்பட்டது: "கூட்டம் கெடுத்துவிட்டது."

கூட்டம் கெடுத்த கச்சேரி ஒன்றுக்கு நான் போயிருக்கிறேன். 2009ல் ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவுக்கு ஸ்வீடனிலிருந்து ஓபெத் வந்தார்கள். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிக் கிண்டியில் இறங்கிப் போனோம். திறந்தவெளி அரங்கத்தில் எனக்குக் கிடைத்த இடத்திலிருந்து மேடையில் பாதி தெரியவில்லை. கிதாரின் நுணுக்கம் பாதி காதில் விழவில்லை. தெரியாத ஒருவன் தோளில் என் கை கிடந்தது. என் முதுகில் இன்னொருவன் மூச்சு. உறுமலாகப் போய்க்கொண்டிருந்த குரல் திடீரென்று மெல்லிய பாட்டாக மாறியபோது என்னைச் சுற்றி இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் அடங்கியதை நான் உடம்பினால் கேட்டேன். அடுத்த வருஷம் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அவர்கள் 'பிளாக்வாட்டர் பார்க்' முழுவதையும் வாசித்த படம் வந்தது. துல்லியமான படம். பல தடவை பார்த்திருக்கிறேன். அதில் எனக்குக் கிடைத்தது தகவல். கிண்டியில் அன்று ராத்திரி யாரோ போனில் எடுத்த ஆட்டமான படத்தில் சத்தம் வெறும் இரைச்சல்தான். அதற்குள் நான் நிற்கிறேன்.

ஒரு கலையில் காது செத்துப்போனவனுக்கு இன்னொரு கலையில் கண் உயிரோடிருக்காது என்ற அர்த்தத்தில் வெங்கட் சாமிநாதன் அறுபதுகளிலிருந்தே கத்திக்கொண்டிருந்தார். நாம் அவரோடு சண்டை போட்டோம். மாடியில் எனக்கு அவர் ஞாபகம் வந்ததற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் முடித்தால் இந்தக் கட்டுரையும் ஒரு அபிப்பிராயப் பட்டியலாகப் போய்விடும்.

அந்தப் பதினோரு பேரில் ஒரு பையன். இருபது வயசிருக்கும். குரோம்பேட்டையில் ஒரு சின்னக் குழுவில் டிரம் வாசிக்கிறான். பேச்சு ஓய்ந்திருந்த நேரத்தில் தன் போனை எடுத்து, "சார், ஒரு அஞ்சு நிமிஷம் பாக்கறீங்களா, நாங்க போன மாசம் பண்ணினது" என்றான். வேட்டித் திரையில் ஓட்டினார்கள். ஒரு கல்யாண மண்டபம். ப்ளாஸ்டிக் நாற்காலிகளை ஓரத்தில் அடுக்கிவிட்டு நின்றுகொண்டிருக்கும் நாற்பது ஐம்பது பேர். படம் எடுத்தவர் கை நடுங்குகிறது. மூன்றாவது நிமிஷம் கரண்ட் போய்விடுகிறது. இருட்டு. கிதார்கள் ஊமையாகிவிட்டன. டிரம் மட்டும் நிற்கவில்லை. இவன் வாசித்துக்கொண்டே இருக்கிறான். கொஞ்ச நேரத்தில் யாரோ கை தட்டித் தாளம் போட ஆரம்பித்து, பிறகு எல்லோரும் போட்டு, விளக்கு திரும்பி வந்ததும் கிதார்கள் சரியான இடத்தில் உள்ளே நுழைகின்றன. மண்டபமே கத்துகிறது.

படம் நின்றது. எல்லோரும் யாராவது எதாவது சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள். வயசில் மூத்தவன் என்ற முறையில் ஒருவர் சொன்னார்: "நல்ல முயற்சி. ஆனா ஆடியோ சுத்தமா இல்லையேப்பா."

சொன்னது நான்தான். மேலே எழுதியிருக்கும் வாதங்களெல்லாம் அன்றைக்கே எனக்குத் தெரியும். நிக் மேசனின் குச்சியும் தெரியும், பாம்பெயின் கேபிளும் தெரியும். கண்ணெதிரே வேட்டியில் அதே விஷயம் நடந்தபோது, என் வாயில் தயாராக இருந்தது சுத்தம் என்ற வார்த்தை. பையன், "ஆமா சார், மிக்ஸ் சரியில்ல" என்று சொல்லிப் போனைப் பையில் வைத்துக்கொண்டான். அதற்கடுத்த இரண்டு ஞாயிறும் அவன் மாடிக்கு வரவில்லை.

அதே மண்டபத்தில் அவர்கள் திரும்ப வாசிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். டிக்கட் இல்லை. இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களில் மின்சார ரயிலுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் என்னோடு வரலாம். நாற்காலி போட்டிருக்க மாட்டார்கள். நிற்க வேண்டியிருக்கும்.