ஒப்படைக்க வருபவள் குற்றவாளி அல்ல

முட்புதரிலோ குப்பைத்தொட்டியிலோ பச்சிளங்குழந்தை கிடந்தது என்று செய்தி வந்தால், ‘கல்நெஞ்சத் தாய்’ என்ற தலைப்பு உடனே வந்துவிடுகிறது. போலீஸ் தேடுவதும் தாயைத்தான். அந்தக் குழந்தைக்குத் தகப்பன் என்று ஒருவன் இருக்கிறான் என்பது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

வளர்க்க வழியில்லாத குழந்தையைச் சட்டப்படி அரசிடம் ஒப்படைக்கலாம் என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 35-ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. தங்கள் சக்திக்கு மீறிய உடல், மன, சமூகக் காரணங்களால் குழந்தையை வளர்க்க முடியாத பெற்றோர், மாவட்டக் குழந்தை நலக் குழுவிடம் வரலாம். குழு விசாரித்து, ஆலோசனை வழங்கி, ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும். அதன்பின் மனம் மாறினால் குழந்தையைத் திரும்பப் பெற இரண்டு மாத அவகாசம் உண்டு. அதற்குப் பிறகே குழந்தை தத்துக்குப் போகும். இந்த விசாரணையின்போது பெற்றவர்கள் மீது முதல் தகவல் அறிக்கை பதியக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. அதே குழந்தையைத் தெருவில் விட்டுச் சென்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின்படி ஏழு ஆண்டு வரை சிறை. ஒரே தாய், ஒரே இக்கட்டு. எந்தக் கதவைத் தட்டுவது என்று அவளுக்கு யாரும் சொல்லாததுதான் வித்தியாசம்.

குழந்தையை அரசிடம் ஒப்படைப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. உசிலம்பட்டிப் பகுதியின் பெண் சிசுக்கொலை 1980-களில் நாட்டையே உலுக்கியது. வளர்க்க விரும்பாத பெண் குழந்தையை அரசு வைத்த தொட்டிலில் விட்டுச் செல்லலாம் என்ற தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கியது. 2001-இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும் விரிந்தது. அத்திட்டம் உயிர்களைக் காத்தது. கள்ளிப்பாலுக்குப் போயிருக்க வேண்டிய பிள்ளைகள் எங்கோ ஒரு வீட்டில் வளர்ந்தார்கள். இதைக் குறைத்துப் பேச எவருக்கும் உரிமையில்லை.

ஆனால் மூன்றாவதும் பெண்ணாய்ப் பிறந்ததற்காக மாமியாரும் கணவனும் சேர்ந்து, பிரசவத்தின் ரத்தம் நிற்காத ஒருத்தியின் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கித் தொட்டிலில் போடச் சொன்னால், அது ஒப்படைப்பு ஆகாது. அது கொலையைவிட மேல், அவ்வளவுதான். தாய் தானாக முடிவெடுத்தாளா என்று அவளைத் தனியே உட்கார வைத்துக் கேட்க வேண்டும். சட்டம் கேட்கும் ஆலோசனையும் இரண்டு மாத அவகாசமும் இதற்குத்தான். படிவத்தை நிரப்பும் சடங்காக அவற்றை நடத்தும் அதிகாரி அந்தப் பெண்ணுக்குத் துரோகம் செய்கிறார்.

சட்ட வழி மறைந்திருக்கும் இடத்தில் தரகர்கள் நுழைகிறார்கள். 2019-இல் ராசிபுரத்தில் வெளியான குழந்தை விற்பனை விவகாரத்தை நாடு கேட்டது. ஆணுக்கு ஒரு விலை, பெண்ணுக்கு ஒரு விலை, நிறத்துக்கு ஒரு விலை. வறுமையில் பெற்றவளிடம் சில ஆயிரங்களைத் திணித்து வாங்கிய பிள்ளையை லட்சங்களுக்கு விற்பவன்தான் குற்றவாளி. அவனுக்கு வேலையே இல்லாமல் செய்ய அரசால் முடியும். இன்னும் செய்யவில்லை.

எங்கள் தீர்ப்பு இதுதான்: குழந்தையை உயிரோடு கொண்டுவந்து ஒப்படைக்கும் தாய் கடமை தவறியவள் அல்ல. தன்னால் முடியாத நிலையிலும் பிள்ளைக்குச் செய்யக்கூடிய கடைசி நன்மையை அவள் செய்கிறாள். அவளை ஏசுபவர்கள்தான் அடுத்த தாயை முட்புதருக்கு விரட்டுகிறார்கள். திருமணமாகாத பெண் என்றால் அந்த ஏச்சு இரட்டிப்பாகிறது. அவள் தனியே வந்து கையெழுத்திடலாம் என்று விதி இருந்தும், வாசலிலேயே ‘அப்பா யார்?’ என்று உரக்கக் கேட்டு விரட்டினால் அந்த விதியால் என்ன பயன்?

ஆரம்ப சுகாதார நிலையம் தொடங்கி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை எல்லாப் பிரசவ வார்டுகளிலும் குழந்தை நலக் குழுவின் முகவரியும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். கர்ப்பிணிகளின் வீடு தேடிப் போகும் கிராம சுகாதார செவிலியருக்கு இந்தச் சட்டம் மனப்பாடமாக வேண்டும். ஒப்படைப்பவரின் பெயர் வெளியே கசிந்தால், கசியவிட்டவர் மீது நடவடிக்கை வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. சுகாதாரத் துறையும் குழந்தைகள் நலனுக்குப் பொறுப்பான துறையும் இணைந்து ஓர் அரசாணை பிறப்பித்தால் போதும். அதை இந்த மாதமே செய்யலாம்.