லயத்து வாசலில் ஒரு கல்விச்சாலை

கண்டி மாவட்டத்து லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டது 1867-ஆம் ஆண்டு. அதன் பின் மலையெங்கும் பரந்த தோட்டங்களில் கொழுந்து கொய்யும் கைகள் பெரும்பாலும் பெண்களின் கைகளே. அந்தக் கைகளில் எத்தனை கைகள் சம்பளச் சீட்டை விரித்துக் கணக்குக் கேட்டிருக்கின்றன? எத்தனை கைகள் தொழிற்சங்கக் கூட்டத்தில் தீர்மானம் முன்மொழிய உயர்ந்திருக்கின்றன?

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939-இல் வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம், 1984-இல் நடந்த வேலைநிறுத்தத்தின் பின் கிடைத்தது. வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-இல் நிறைவேறியது. ஆயினும் மனைவியின் சம்பளத்தைக் கணவன் கையெழுத்திட்டு வாங்கிச் செல்லும் வழக்கம் பல தோட்டங்களில் நெடுங்காலம் நீடித்தது. உரிமை ஏட்டில் இருந்தது. அதைக் கேட்கும் நா பழகவில்லை.

அந்த நாவைப் பழக்க முன்வந்தவர் ஒருவர் இருந்தார். கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், 1930-களில் தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளரின் துயரைப் பாட்டாகப் பாடினார். எழுத்தறியாதவருக்கும் செவி உண்டு என்பதை உணர்ந்த கல்வி முறை அது.

கடல் கடந்த ஆபிரிக்காவிலும் இவ்வுண்மையைக் காண்கிறோம். செனகல் நாட்டின் மலிகுண்டா பம்பாரா என்னும் சிற்றூர்ப் பெண்கள், தோஸ்தான் என்ற அமைப்பின் வகுப்புகளில் எழுத்தோடு உடல்நலமும் மனித உரிமையும் கற்றனர். சிறுமியரின் பிறப்புறுப்பைச் சிதைக்கும் பழவழக்கத்தைக் கைவிடுவதாக 1997 ஜூலை 31-இல் ஊரறிய அறிவித்தனர். அதிகாரியின் ஆணையன்று அது. அவர்களே எடுத்த முடிவு. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர்களும் இணங்கினாலன்றி மாற்றம் நிலைக்காது என்று கண்டு, உறவினரிடம் பேசும் பணி தொடங்கியது. மறு ஆண்டே 13 ஊர்கள் சேர்ந்து அறிவித்தன. ஊரே கூடிக் கற்றதனால் ஊரே மாறியது.

நம் மலையகத்துக்கு இது எட்டாக் கனியா? இல்லை. கண்டியில் போல் கஸ்பர்ஸ் அடிகளார் 1972-இல் நிறுவிய சத்தியோதயம் தோட்ட மக்களிடையே பணியாற்றி வழி காட்டியுள்ளது. வேண்டுவது, அவ்வழியைத் தோட்டப் பெண்களே ஏற்று நடத்துவது.

வாரத்தில் ஒரு மாலை பிள்ளைக் காம்பராவில் பெண்கள் கூடட்டும். சம்பளச் சீட்டே முதற் பாடநூல். அரைப் பேர் ஏன் போடப்பட்டது, சேமலாப நிதிக்கு எவ்வளவு பிடித்தார்கள், சங்கச் சந்தா எங்கே போகிறது என்பவையே பாடங்கள். கற்பிப்பவள் அத்தோட்டத்துப் பெண்ணாகவே இருக்கட்டும். அன்று மாலை அடுப்பையும் குழந்தையையும் ஆண்கள் பார்க்கட்டும். அதுவும் கல்விதான்; ஆணுக்குரிய கல்வி!

கண்டி நகரத்து வழக்கறிஞர்களே, மருத்துவர்களே, ஆசிரியர்களே! லயத்துப் படிகளில் ஏறி வந்தவர்கள் உங்களில் பலர். திரும்பி ஒருமுறை அப்படிகளில் இறங்குங்கள். மேடையில் பேசுவதற்கன்று, வட்டத்தில் அமர்ந்து கேட்ட கேள்விக்கு விடை சொல்வதற்கு. காணி வைத்து மரக்கறி பயிரிடும் பெருமக்களே! களை பிடுங்கும் உங்கள் வீட்டுப் பெண்ணின் உழைப்பையும் வரவு செலவில் எழுதிப் பாருங்கள். இலாபம் யாருடையது என்பது விளங்கும். தொழிற்சங்கத் தலைவர்களே! பெண்களின் சந்தாவைப் பெறும் நீங்கள், பதவிகளிலும் அவர்களுக்குரிய பங்கைத் தாருங்கள்.

கொழுந்தின் நிறையைப் பிறர் சொல்லக் கேட்டுத் தலையசைத்த காலம் போதும். தராசின் முள்ளை அவள் தானே படிக்கட்டும்.