ஈரம் தங்காத இருக்கை



பிழைப்பைத் தேடிப் பெங்களூருக்கு வந்து, வாடகை வீடு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், மாதச் சீட்டு என்று பல ஆண்டுகள் சமாளித்து, கடைசியில் பழைய கார் ஒன்றையாவது வாங்கிவிட்ட குடும்பங்கள் நம்மில் அநேகம் உண்டு. அந்தக் கார் பெரும்பாலும் ஒரு வீட்டாருக்கு மாத்திரம் உரியதாயிருப்பதில்லை. ஞாயிறு காலையில் பக்கத்துத் தெருவின் வயது முதிர்ந்த தாயார் அதில் ஏறுகிறார். அவருடைய பேரப்பிள்ளைகள் பால் புட்டியோடும் பிஸ்கோத்தோடும் ஏறுகிறார்கள். பண்டிகைக்கு முந்தின இரவில் ஓசூர் வழியாக ஊருக்குப் போகையில் சாம்பார்த் தூக்கும் கூடவே பிரயாணம் பண்ணுகிறது. இவை எல்லாவற்றிற்கும் சாட்சியாயிருப்பது சீட் கவர் என்று நாம் சொல்லும் இருக்கை உறைதான்.

அதைச் சுத்தம் செய்யும் முறையை நான் கற்றது என் சொந்தத் தவற்றினால். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஆகஸ்டு மாதத்தில், உறைகளைக் கழற்றச் சோம்பல்பட்டு, காரின் கதவுகளைத் திறந்து வைத்து, சோப்புத் தண்ணீரை இருக்கையின்மேலேயே ஊற்றித் தேய்த்தேன். மாலையில் தொட்டுப் பார்த்தபோது மேற்புறம் காய்ந்திருந்தது. மகிழ்ச்சியோடு பூட்டி, குடியிருப்பின் அடித்தளத்தில் நிறுத்திவிட்டேன். நான்காம் நாள் கதவைத் திறந்தபோது, நனைந்த சாக்கின் நாற்றம் முகத்தில் அடித்தது. உறையின் கீழே இருந்த பஞ்சு தண்ணீரைக் குடித்து வைத்திருந்தது. உறையின் உட்புறத்தில் கரும்புள்ளிகளாய்ப் பூஞ்சணம் படர்ந்துவிட்டது. அன்று காரில் ஏறிய சின்ன மகள் ஊர் போய்ச் சேரும்வரை தும்மிக்கொண்டிருந்தாள். அழுக்கு உறையைப் பார்வைக்கு மாத்திரம் கெடுக்கும். ஈரமோ உள்ளேயிருக்கிற மூச்சையும் கெடுக்கும் என்பதை அன்று அறிந்தேன்.

தண்ணீரைக் குறைக்க வேறொரு காரணமும் நம்முடைய பட்டணத்தில் உண்டு. நாம் குழாயில் திறக்கும் காவேரி நீர், சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, தொரேகாடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுணி என்னும் மூன்று இடங்களில் இறைக்கப்பட்டு, ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் ஏறி வருகிறது. 2024 மார்ச் மாதத்தின் பஞ்சத்தில், குடிநீரால் வாகனம் கழுவுவதைக் குடிநீர் வடிகால் வாரியம் தடைசெய்து, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. அம்மாதத்தில் சில நாட்களுக்குள்ளாகவே 22 வீட்டாரிடமிருந்து 1.1 லட்சம் ரூபாய் வசூலானதாகச் செய்திகள் வெளிவந்தன. அவ்வாண்டு அக்டோபரில் காவேரி ஐந்தாம் கட்டத் திட்டம் திறக்கப்பட்ட பின்னும், 2025 பிப்ரவரியில் அதே தடை மறுபடியும் வந்தது. திரும்பத் தவறு செய்கிறவருக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் கூடுதல் அபராதம் என்றும் சொல்லப்பட்டது. ஆகையால் ஹோஸ் பைப்பை மறந்துவிடுங்கள். முன் இருக்கை இரண்டின் உறைகளுக்கு ஒரு வாளித் தண்ணீர் போதும்.

எப்படியென்றால், அழுக்கில் பெரும்பங்கு உலர்ந்த மண். இந்த ஊரின் செம்மண் தூசி நனைந்தவுடனே சேறாகித் துணியின் இழைக்குள் இறங்கிவிடும்; உலர்ந்திருக்கையில் தட்டினாலே உதிர்ந்துபோம். உறையைக் கழற்றி, உட்புறம் வெளியே வரத் திருப்பி, மாடியில் பாயைத் தட்டுவதுபோலத் தட்டுங்கள். தையல் மடிப்புகளை உலர்ந்த பிரஷ்ஷினால் வழியுங்கள். வாக்யூம் கிளீனர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. இதைச் செய்தபின் கழுவவேண்டிய அவசியமே இல்லாத உறைகளும் உண்டு.

அடுத்தது கறை. தலையில் தேய்த்த தேங்காயெண்ணெய் சாய்மானத்தின் உச்சியில் படிவது நம்முடைய குடும்பங்களின் தனிக்கறை! அதன்மேல் தண்ணீர் விடாதேயுங்கள். முகப்பவுடரையோ சோளமாவையோ தூவி, சில மணி நேரம் விட்டு, பிரஷ்ஷினால் தள்ளினால் எண்ணெயில் பாதி மாவோடு வந்துவிடும். டிசம்பர் காலையில் எண்ணெய் உறைந்திருக்கும் வேளையில் மொட்டைக் கத்தியால் மெதுவாய்ச் சுரண்டுவதும் பலன் தரும். பால், முட்டை, குழந்தை எடுத்த வாந்தி ஆகியவற்றிற்குக் குளிர்ந்த நீரே வேண்டும்; வெந்நீர் பட்டால் அவை துணியோடு இறுகிவிடும். வாந்தியின் நாற்றத்திற்குச் சமையல் சோடாவைத் தூவி ஓரிரவு வைக்கலாம். சாம்பார்க் கறையில் சோப்புப் பட்டவுடன் அது சிவந்து போவதைக் கண்டு சகோதரிகள் சிலர் பயப்படுகிறார்கள். மஞ்சள் காரத்தைச் சேர்ந்தால் சிவக்கும். அது மஞ்சளின் இயல்பு. அலசினபின் வெயிலில் போட்டால், மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நில்லாமல் மங்கிப்போம்.

இனி கழுவுதல். துணி உறையாயின், முதலில் ஒரு மூலையில் நனைத்து, வெள்ளைத் துணியால் ஒற்றிச் சாயம் போகிறதா என்று பாருங்கள். ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில் கட்டிச்சோப்பு நுரையாது. காய்ந்தபின் வெண்ணிறப் படிவையும் விட்டுவிடும். திரவச் சோப்பே ஏற்றது. கால் மணி நேரம் ஊறவைத்துக் கையால் அமுக்குங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம், பெரும்பாலான உறைகளில் துணியின் அடியில் மெல்லிய ஃபோம் ஒட்டப்பட்டிருக்கும். முறுக்கினாலும் கொதிநீரில் இட்டாலும் அது பிரிந்து, உறை கொப்புளம் கொப்புளமாய்ப் போம். கடைசி அலசலுக்கு மழைநீரைப்போல் மெதுவான நீர் வேறில்லை. 2009-க்குப் பின் இந்த ஊரில் மழைநீர்ச் சேகரிப்பு அநேக வீடுகளுக்குச் சட்டப்படி கட்டாயம். தொட்டியில் சேர்ந்ததில் ஒரு குடம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரெக்சின் உறைக்கு நனைத்த துணியும் இரண்டு சொட்டுத் திரவச் சோப்பும் போதும். சீக்கிரம் போகட்டும் என்று பெட்ரோலோ தின்னரோ தொட்டால், அதன் மென்மையைக் காக்கும் பொருள் கரைந்து சில மாதங்களில் வெடிக்கும். உண்மையான தோல் வைத்திருப்போர் தேங்காயெண்ணெய் பூசாதிருங்கள். அது தூசியைச் சேர்க்கும், நாளடைவில் சிக்கு நாற்றமும் எழும். ஜே.சி. ரோட்டுக் கடைகளில் தோலுக்கென்றே விற்கும் திரவத்தையே வாங்குங்கள். பளபளப்புக்குச் சிலிகோன் பூசுவது எனக்கு உடன்பாடன்று. பிரேக் போட்டவுடன் வயதானவர்கள் இருக்கையிலிருந்து வழுக்குவதை நான் கண்டிருக்கிறேன்.

சீட் பெல்ட்டையும் கூடவே துடைப்போர் பிளீச்சிங் பவுடரைத் தொடாதேயுங்கள், அது நாடாவின் பலத்தைக் குறைத்துவிடும். துடைத்தபின் முழுவதும் இழுத்து வைத்து, காய்ந்த பிறகே உள்ளே போகவிடுங்கள். இருக்கையின் அடியில் மஞ்சள் நிற இணைப்புகளைக் கண்டால் அவற்றை அசைக்கவும் நனைக்கவும் வேண்டாம். அவை ஏர்பேக்கின் கம்பிகள்.

உலர்த்துவதிலேதான் பொறுமை வேண்டும். பெங்களூரில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை மிகுதி. ஜனவரி முதல் மார்ச் வரையிலான நாட்களே உறை கழுவ உகந்தவை. சாயமுள்ள துணியை உட்புறம் திருப்பி நிழலில் காற்றோட்டமாய்ப் போடுங்கள். மேற்புறத்தைத் தொட்டு முடிவுசெய்யாமல், ஓரத்திலுள்ள தடித்த தையல் வரியை இரு விரலால் நசுக்கிப் பாருங்கள்; அங்கே குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள். வாடகைக் கார் ஓட்டும் சகோதரருக்கு இப்படிக் காத்திருக்க இயலாது. அவர் இரண்டு ஜோடி உறை வைத்துக்கொள்வதே நலம். டர்க்கி டவலில் தைத்த மேலுறை மலிவு, ஒரே இரவில் காய்ந்தும்விடும்.

கடைசியாக, உறையைத் திரும்ப மாட்டுகையில் ஒரு காரியத்தைக் கட்டாயம் கவனியுங்கள். இப்பொழுது சிறிய கார்களிலும் ஆறு ஏர்பேக்குகள் வந்துவிட்டன. 2024 மே மாதம் வெளியான ஸ்விஃப்ட் காரிலேயே எல்லா ரகத்திற்கும் ஆறு உண்டு. அவற்றில் இரண்டு, முன் இருக்கைகளின் சாய்மானத்திற்குள், கதவை ஒட்டிய ஓரத்தில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். பக்கவாட்டில் மோதல் நேர்ந்தால், ஒரு வினாடியில் நூற்றில் சில பங்குக்குள் அவை இருக்கையின் தையலைக் கிழித்து வெளியே வந்து விலாவைக் காக்கவேண்டும். தடித்த உறை அந்த ஓரத்தை இறுக மூடியிருந்தால், பை தாமதிக்கும் அல்லது தவறான திசையில் விரியும். ஆகவே அந்த இடத்தில் திறப்போ, எளிதில் பிரியும் தையலோ உள்ள உறையையே வாங்கவேண்டும். உங்கள் இருக்கையின் ஓரத்தில் ஏர்பேக் என்ற சிறு சீட்டு தைத்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

சரியான உறையை வாங்கியவர்களும் கழுவியபின் தவறுகிறார்கள். ஓட்டுநர் இருக்கையின் திறப்பு வலதுபுறம், பக்கத்து இருக்கைக்கு இடதுபுறம். காய்ந்த இரண்டையும் அவசரத்தில் இடம் மாற்றி மாட்டினால், திறப்பு இரண்டும் காரின் நடுவே போய்விடும். கதவுப்புறம் முழுவதும் மூடிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியாது. கழற்றும் முன்னே, ஓட்டுநர் உறையின் உட்புறத்தில் சிவப்பு நூலால் நாலு தையல், மற்றதில் வெள்ளை நூலால் நாலு தையல் போட்டு வைத்துவிட்டால், எத்தனை முறை கழுவினாலும் அந்த அடையாளம் நிற்கும்.