காலி செய்யும் முன் ஒரு கடிதம்

கல்லூரித் தேர்வு முடியும் மாதம் வந்துவிட்டால் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இதைப் பார்க்கலாம். கடைசித் தேர்வை எழுதி முடித்த நம் பிள்ளைகள் பாய், பக்கெட், புத்தக மூட்டையை ஷேர் ஆட்டோவில் ஏற்றுவார்கள். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, "வீட்டுக்காரர் வந்தா குடுத்துடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறுவார்கள். ஆனி மாதம் அட்வான்ஸ் கேட்டுப் போய் நிற்கும்போதுதான் அடி விழும்.

"சொல்லாம கொள்ளாம போனீங்க. ரெண்டு மாசம் வீடு பூட்டிக் கிடந்துச்சு."

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மூன்று பேர் சேர்ந்து எடுத்த அறைக்கு மாதம் 4,000 ரூபாய் வாடகை, 12,000 ரூபாய் அட்வான்ஸ் என்று வைத்துக்கொள்வோம். பூட்டிக் கிடந்ததற்கு 8,000, வெள்ளை அடித்ததற்கு 3,000, கரண்ட் பில்லுக்கு 1,000. மீதி ஒன்றுமில்லை. அந்த 12,000 எங்கிருந்து வந்தது? ஒரு வீட்டில் மகளிர் குழுக் கடன், இன்னொரு வீட்டில் ஆடு விற்ற காசு, மூன்றாவது வீட்டில் அம்மா கரும்பு வெட்டிச் சேர்த்த கூலி. ஒரு தாள் எழுதிக் கொடுக்காததால் மூன்று வீட்டு உழைப்பு போய்விடுகிறது.

வீட்டுக்காரர் செய்தது நியாயமா என்ற கேள்வி இருக்கட்டும். நம் பக்கம் என்ன குறை என்பதை முதலில் பேசுவோம். போகப் போகிறோம் என்பதை நாம் முன்கூட்டி எழுத்தில் சொல்வதில்லை. நமக்கு அந்தப் பழக்கமே இல்லை. அதற்கு ஒரு காரணமும் உண்டு. நம் பாட்டன்மார் குடியிருந்த இடத்துக்குப் பலருக்குத் தாள் கிடையாது. பண்ணையாரின் இடத்தில் குடிசை போட்டவரை "இரு" என்றாலும் "எழுந்திரு" என்றாலும் வாய்வார்த்தைதான். எதையும் எழுதிக் கேட்கும் நிலையில் அவர்கள் இல்லை. நகரத்துக்கு வந்து மாதம் பிறந்தால் வாடகை கொடுக்கும் நாமும், அதே வாய்வார்த்தையில் குடியேறி, வாய்வார்த்தைகூட இல்லாமல் கிளம்புகிறோம்.

நாமாகக் கிளம்புவது ஒரு வகை. நம்மைக் கிளப்புவது இன்னொரு வகை. வீடு கேட்டுப் போகும்போது "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று சுற்றி வளைத்துக் கேட்பதன் பொருள் நமக்குத் தெரியும். அதையும் தாண்டி ஒரு வீடு கிடைக்கிறது. மூன்று மாதம் கழித்து உதவித்தொகைக் கடிதம் ஒன்று அந்த முகவரிக்கு வருகிறது. அல்லது ஊரிலிருந்து சொந்தக்காரர் வந்து போகிறார். அல்லது சுவரில் அம்பேத்கர் படம் ஏறுகிறது. மறுவாரமே, "எங்க பையன் சென்னையிலேர்ந்து வரான், வீட்டைக் காலி பண்ணிடுங்க" என்கிறார்கள். காரணம் என்ன என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். அவமானம் தாங்காமல் நம் பிள்ளைகள் அன்றிரவே மூட்டை கட்டிவிடுகிறார்கள். அட்வான்ஸ் கேட்கவும் திரும்பிப் போவதில்லை.

இதே அவமானம் அண்ணலுக்கும் நேர்ந்தது. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய அம்பேத்கர், 1917-ல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த நகரில் அவருக்குத் தங்க இடமில்லை. பார்சிகளின் விடுதி ஒன்றில் பார்சி போலப் பெயர் கொடுத்துத் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்த பார்சிகள் கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. ஒரு வாரம் மட்டும் தங்க விடுங்கள் என்று அவர் கெஞ்சினார். அவர்கள் அன்று மாலைக்குள் போய்விட வேண்டும் என்றார்கள். நண்பர் வீடுகளிலும் இடம் கிடைக்காமல், பொதுப் பூங்காவில் காத்திருந்து இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். அன்று அவர் கேட்டது ஒரு வார அவகாசம். அந்த அவகாசத்தைத்தான் இன்று சட்டம் முன்னறிவிப்பு என்கிறது. அவருக்கு மறுக்கப்பட்டது நமக்கு உரிமையாகக் கிடைத்திருக்கும்போது, கேட்காமலே விட்டுவிட்டுப் போவது சரியா?

சட்டம் சொல்வதைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 106-ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத மாத வாடகைக் குடித்தனத்தை முடிக்க 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். வீட்டுக்காரர் முடித்தாலும் குடியிருப்பவர் முடித்தாலும் இதே விதிதான். அறிவிப்பு எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். அது எதிர்த்தரப்பின் கைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 15 நாளை எண்ண வேண்டும். ஒப்பந்தத்தில் ஒரு மாதம், இரண்டு மாதம் என்று எழுதியிருந்தால் அந்தக் கணக்குதான் செல்லும். அதனால் கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைப் படிக்க வேண்டும்.

தமிழ்நாட்டின் நகரப் பகுதிகளுக்கென 2017-ல் நிறைவேறிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருப்பதை அது கட்டாயமாக்குகிறது. இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், உண்மையான பாக்கியை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி ஆளை விரட்டக் கூடாது. இதற்கென மாவட்ட ஆட்சியர் நியமிக்கும் வாடகை அதிகாரி, துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர். நம் பகுதிக்கு அவர் யார் என்று ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

தீண்டாமையின் பேரால் ஒருவரை எந்தப் பகுதியிலும் குடியிருக்க விடாமல் தடுப்பது, 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் சாதிதான் காரணம் என்று காட்ட நம் கையில் ஏதாவது இருக்க வேண்டும். "காலி பண்ணு" என்று வாயால் சொன்னால், "சரிங்க, எழுதிக் குடுங்க, எந்தத் தேதின்னு போட்டுக் குடுங்க" என்று பணிவாகக் கேட்போம். பையன் வருகிறான் என்று எழுதிக் கொடுத்துவிட்டு மறுமாதமே வேறு சாதிக்காரருக்கு வீட்டை விட்டால், அந்தத் தாளே நமக்குச் சாட்சி. எழுதித் தர மறுத்தால், அவர் சொன்னதை, சொன்ன தேதியோடு நாமே ஒரு கடிதமாக எழுதி அவருக்கு அனுப்பி வைக்கலாம்.

நாமாகக் காலி செய்யும்போது எழுதும் கடிதத்துக்கு வக்கீல் வேண்டியதில்லை. இப்படி எழுதினால் போதும்:

"ஐயா, உங்கள் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் நாங்கள் மே 31-ஆம் தேதி வீட்டைக் காலி செய்கிறோம். ஏப்ரல் மாதம் வரை வாடகை கொடுத்துவிட்டோம். மே மாத வாடகையை 5-ஆம் தேதி கொடுத்துவிடுவோம். நாங்கள் கொடுத்துள்ள அட்வான்ஸ் 12,000 ரூபாய். நீங்கள் வந்து அறையைப் பார்த்து, மின் மீட்டர் அளவைக் குறித்துக்கொண்டு, சாவியைப் பெற்றுக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் தொகையைக் கீழே உள்ள வங்கிக் கணக்கில் செலுத்தவும்."

தேதி போட்டு, எல்லோரும் கையெழுத்திட்டு, இரண்டு பிரதி எடுக்க வேண்டும். ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்க வேண்டும். மறுத்தால் ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்ப வேண்டும். சாவி கொடுக்கும் நாளில் சுவர், கதவு, குழாய், மீட்டர் எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். வாடகையை முடிந்தவரை வங்கிக் கணக்கிலோ ஜிபேயிலோ செலுத்துவது நல்லது. கையில் கொடுத்தால் ரசீது கேட்க வேண்டும்.

"வீடு கிடைக்கிறதே பெரும்பாடு, இதுல சட்டம் பேசினா எவன் வீடு கொடுப்பான்?" என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் போவதை முன்கூட்டிச் சொல்வது சண்டை இல்லை, மரியாதை. அந்த மரியாதைக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். பிறகு அவர் பணத்தைத் தராவிட்டால், வாடகை அதிகாரியின் முன் வைக்க நம்மிடம் அந்த நகல் இருக்கும். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தவரிடம் என்ன இருக்கும்?

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். வேறு சாதிப் பையன் சொல்லாமல் போனால் "அந்தப் பையன் சரியில்லை" என்பார்கள். நம் பையன் போனால் "இவங்களே இப்படித்தான்" என்பார்கள். இது அநியாயம். இந்த அநியாயத்துக்குப் பயந்து நல்ல பெயர் வாங்குவதற்காக நாம் கடிதம் எழுத வேண்டியதில்லை. நம் பணத்துக்காகவும் உரிமைக்காகவும் எழுதுவோம். அதே நேரம், சாதி கேட்காமல் வீடு கொடுத்த சிலரும் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். திடீரென்று வாடகை நின்றுபோனால் அவர்களுக்கும் நட்டம்தான். அடுத்த ஆண்டு நம் தெருவிலிருந்து இன்னொரு பெண்ணோ பையனோ அந்தக் கதவைத்தான் போய்த் தட்ட வேண்டும்.

இலவசச் சட்ட உதவி பெற பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லாமல் உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். ஆனால் அங்கேயும் முதலில், "எழுத்துல என்ன வெச்சிருக்கீங்க?" என்றுதான் கேட்பார்கள்.

தேர்வு அட்டவணை வந்த அன்றே கடைசித் தேர்வின் தேதியைப் பார்த்து, அதற்கு ஒரு மாதம் முன்னால் இந்தக் கடிதத்தை எழுதிவிடுங்கள், தம்பி தங்கைகளே. ஊரில் இருக்கும் அப்பா அம்மாமார்களே, "பரீட்சை முடிஞ்சுது, நாளைக்கு வரேன்" என்று பிள்ளை போன் செய்தால், "சாப்பிட்டியா?" என்று கேட்ட கையோடு, "வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்தியா, நகல் வெச்சிருக்கியா?" என்றும் கேளுங்கள்.