கண்ணுக்கும் மண்ணுக்கும் நல்லது



மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் கண்புரை அறுவை செய்துகொண்ட ஒருவராவது இல்லாத குடும்பம் அபூர்வம். உசிலம்பட்டியிலோ மேலூரிலோ முகாமில் கண்ணைக் காட்டி, அங்கிருந்து மதுரை அண்ணா நகரில் உள்ள கண் மருத்துவமனைக்கு வந்து, கட்டுப் பிரித்ததும் பேரப்பிள்ளையின் முகத்தைத் தெளிவாகப் பார்த்த தாத்தா பாட்டி உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். அவர்கள் கண்ணுக்குள் வைத்த லென்ஸ், எடை போட்டால் ஓர் அரிசி மணி அளவுதான் வரும். அதைச் செய்யவும், கிருமி நீக்கவும், உறையிடவும், பொருத்தவும் எவ்வளவு மின்சாரமும் பிளாஸ்டிக்கும் செலவாகின்றன என்று நாம் கேட்பதில்லை. நோய் தீர்ந்தால் போதும் என்று இருந்துவிடுகிறோம். இந்த மாதம் அந்தக் கேள்வியை உங்களோடு சேர்ந்து கேட்க விரும்புகிறேன். அதற்கு உலகம் திரும்பிப் பார்த்த பதில் ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது.

முதலில் சுமையின் அளவைப் பார்ப்போம். புவியைச் சூடாக்கும் வாயுக்களில் 4.4 சதவீதம் மருத்துவத் துறையிலிருந்து வருவதாக 2019இல் வெளியான உலகளாவிய ஆய்வறிக்கை ஒன்று கணக்கிட்டது. மருத்துவத் துறையை ஒரு நாடாக எண்ணினால், உலகிலேயே அதிகம் மாசுபடுத்தும் ஐந்தாவது நாடு அதுதான். அதில் 71 சதவீதம் மருந்து, கருவி, கையுறை, குழாய் போன்றவற்றைச் செய்வதிலும், கொண்டுவருவதிலும், கழிப்பதிலும் உண்டாகிறது. மருத்துவமனையின் மொட்டை மாடியில் சூரியத் தகடு வைப்பது நல்லதுதான். ஆனால் அங்கே வந்திறங்கும் அட்டைப்பெட்டிகளைப் பற்றி யோசிக்காதவரை முக்கால் பங்கு வேலை மிச்சம் இருக்கிறது.

மருத்துவக் கருவி செய்யும் இடம் என்ன ஆகக்கூடும் என்பதை நம் கொடைக்கானல் மலையே பார்த்திருக்கிறது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இருந்த பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 1983இல் கொடைக்கானலுக்கு வந்தது. பிறகு அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வசமானது. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடப்பதை ஊர் மக்களும் சூழல் அமைப்புகளும் வெளிக்கொண்டு வந்தார்கள். அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனது. உடல்நலம் கெட்டுவிட்டது என்று போராடிய முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வர 2016 ஆயிற்று. அந்த ஆலைக்குக் கீழே இருப்பது பாம்பாறு சோலை. அங்கிருந்து இறங்கும் தண்ணீர்தான் கும்பக்கரையில் அருவியாக விழுந்து வைகைப் படுகைக்கு வருகிறது. எங்கோ ஒரு குழந்தையின் காய்ச்சலைப் பார்க்கச் செய்த கருவிக்கான விலையை நம் மலை கொடுத்தது.

அதே வைகைப் படுகையின் சமவெளியில் வேறொரு கதை வளர்ந்தது. மதுரை மருத்துவக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, மூட்டுவாதத்தால் கோணிய விரல்களோடு, 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அப்போதெல்லாம் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். ஒன்றின் விலை நூறு டாலருக்கும் மேல். 1992இல் மதுரையிலேயே அரவிந்தின் லென்ஸ் ஆலையான ஆரோலேப் தொடங்கப்பட்டபோது அந்த விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. பிறகு அதற்கும் கீழே போனது. இன்று ஆரோலேப் செய்யும் லென்ஸும், தையல் இழையும், கண் மருந்தும் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் செல்கின்றன.

ஏழைக்கும் எட்டும் விலையில் சிகிச்சை தரவேண்டும் என்பதே அரவிந்தின் நோக்கம். அதற்காக எதையும் வீணாக்காமல் பழகியவர்கள், சூழலுக்கும் பெரிய நன்மை செய்துவிட்டார்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வு இதை அளந்து சொன்னது. ஆய்வாளர்கள் அரவிந்தின் அறுவை அரங்கக் கழிவைக் கையால் பிரித்து எடை போட்டார்கள். வாங்கிய பொருள்களின் கணக்கைப் பார்த்தார்கள். ஒரு கண்புரை அறுவைக்கு அங்கே சேரும் கழிவு 250 கிராம். வெளியாகும் புவியைச் சூடாக்கும் வாயுக்கள், கரியமில வாயுக் கணக்கில், ஏறக்குறைய 6 கிலோ. பிரிட்டனில் இதே அறுவைக்கு ஆவதில் இது சுமார் 5 சதவீதம்தான். அங்கே இவ்வளவு ஆவதற்குக் காரணம் 2013இலேயே தெரிந்துவிட்டது. வேல்ஸின் கார்டிஃப் நகரில் நடந்த ஆய்வில், மொத்த உமிழ்வில் பாதிக்கு மேல் பொருள்களை வாங்குவதால் வந்தது. ஒருமுறை பயன்படுத்திவிட்டு எறியும் பொருள்கள் அதில் நிறைய.

அரவிந்தில் எஃகுக் கருவிகள் நீராவியில் கிருமி நீங்கி மறுபடி அரங்குக்கு வருகின்றன. அங்கியும் விரிப்பும் துவைத்து மறுபடி பயன்படுத்தப்படுகின்றன. ஒரு சொட்டு மருந்து புட்டி ஒரே நோயாளியோடு குப்பைக்குப் போவதில்லை. இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஒரு பயம் எழும். மறுபடி பயன்படுத்தினால் தொற்று வராதா? நியாயமான பயம். அரவிந்தில் நடந்த 6 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளை ஆராய்ந்த இன்னொரு கட்டுரையும் 2017இல் வந்தது. அறுவையின் முடிவில் கண்ணுக்குள் ஆன்டிபயாட்டிக் செலுத்தாதவர்களில் பத்தாயிரத்துக்கு 7 பேருக்குக் கண்ணுக்குள் தொற்று வந்தது. செலுத்தியவர்களில் அது 2 பேராகக் குறைந்தது. செல்வ நாடுகள் குப்பையை மலையாகக் குவித்தும் இதைவிடப் பெரிதாக ஒன்றும் சாதித்துவிடவில்லை. எறிவதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. ஒழுங்கான கிருமி நீக்கமும், இடைவிடாத கண்காணிப்பும்தான் அதைத் தருகின்றன. ஊசி, சிரிஞ்ச் போன்றவை ஒருமுறைக்கு மேல் ஒருபோதும் கூடாது. அதில் சமரசத்துக்கு இடமே இல்லை. ஆனால் எஃகுக் கத்தரியும் பருத்தி அங்கியும் அந்த வகை அல்ல.

2017 ஆய்வில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த இடம் ஒன்று உண்டு. அரவிந்தில் ஏற்படும் மாசில் பெரும்பகுதி, மறுபயன்பாட்டுக் கருவிகளைக் கிருமி நீக்கும் கட்டத்தில்தான் உண்டாகிறது. கிருமி நீக்கத்துக்கு வேண்டியது வெப்பம். வெப்பத்துக்கு வேண்டியது மின்சாரமோ எரிபொருளோ. நம் சமவெளியில் வெயிலுக்குப் பஞ்சமே கிடையாது. 2016இல் இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது இந்த வெயிலை நம்பித்தான். மின்சாரம் தூய்மையாகத் தூய்மையாக, பலமுறை பயன்படும் கருவியின் சுமை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போகும். எறியும் பிளாஸ்டிக்கின் சுமையோ அது செய்யப்பட்ட அன்றே அதற்குள் ஏறிவிடுகிறது. நம் வெயிலால் அதை இறக்க முடியாது.

அதனால்தான் கருவி செய்பவர்களிடம் நாம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. நூறு முறை நீராவியைத் தாங்கும்படி கருவியைச் செய்யுங்கள். பழுது பார்க்கும்படி செய்யுங்கள். உதிரி பாகம் கொடுங்கள். அரிசி மணி எடையுள்ள லென்ஸுக்கு அத்தனை பெரிய அட்டைப்பெட்டியும், பல மொழிகளில் அச்சடித்த கனத்த விளக்கத்தாளும் எதற்கு? பெட்டியில் ஒரு க்யூஆர் குறியீடு போதும். பல கருவிகளைக் கிருமி நீக்கப் பயன்படும் எத்திலீன் ஆக்சைடு, புற்றுநோய் உண்டாக்கும் வாயு. ஆலையில் வேலை செய்பவர்களும் பக்கத்துத் தெருவில் குடியிருப்பவர்களும் அதைச் சுவாசிக்காமல் காப்பது செய்பவரின் கடமை. பிரிட்டனின் அரசு மருத்துவ அமைப்பு, தனக்குப் பொருள் தருபவர்கள் உள்பட நிகர உமிழ்வை 2045க்குள் பூஜ்ஜியமாக்குவதாக அறிவித்திருக்கிறது. ஏற்றுமதியை நம்பும் நம் ஆலைகள் இன்றே மாறத் தொடங்கினால், நாளை சந்தையும் அவற்றுடையதாகும்.

பழுது பார்க்கும் கையையும் மறக்கக்கூடாது. கண் மருத்துவக் கருவிகளைப் பராமரிக்கவும் பழுது பார்க்கவும் பிற மருத்துவமனைத் தொழில்நுட்பர்களுக்கு அரவிந்த் நெடுங்காலமாகப் பயிற்சி தந்துவருகிறது. ஒரு கருவி பத்தாண்டுக்குப் பதில் பதினைந்தாண்டு உழைத்தால், புதிதாக ஒன்று செய்ய வேண்டிய உலோகமும் மின்சாரமும் மிச்சம். நம் மாவட்டங்களின் ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவர்களுக்கு இது நல்ல தொழிலாகவும் அமையும். ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலும் இப்படி ஒருவர் இருக்கவேண்டும் என்பது என் ஆசை.

வீட்டில் நாமும் செய்யக்கூடியவை உண்டு. இன்சுலின் போடுபவர்கள், முழுதாக எறியும் பேனாவுக்குப் பதில் மருந்துக் குப்பியை மட்டும் மாற்றும் பேனா தங்களுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். அழுத்தும் இன்ஹேலரில் உள்ள உந்துவாயு புவியைச் சூடாக்கும் தன்மை கொண்டது. பொடி இன்ஹேலரில் அந்த வாயு கிடையாது. மாற்றலாமா என்பதை மருத்துவரே சொல்லட்டும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். பயன்படுத்திய ஊசிகளைக் கெட்டியான புட்டியில் சேர்த்து, உங்கள் மருத்துவமனையிடம் பேசி அங்கே ஒப்படையுங்கள். தூய்மைப் பணியாளரின் கையில் அது குத்தக்கூடாது. பழைய பாதரச வெப்பமானி அலமாரியில் இருந்தால் அதைக் குப்பையில் வீசாதீர்கள்.

சிக்கனத்தைக் குறைபாடாக நினைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு வந்துவிட்டது. புத்தம்புது உறையைக் கிழித்தால்தான் நல்ல வைத்தியம் என்று நம்புகிறோம். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை என்று மதுரை உலகத்துக்கே காட்டியிருக்கிறது. சிறந்த சிகிச்சையும், ஏழைக்கு எட்டும் விலையும், சுத்தமான தண்ணீரும் ஒன்றோடொன்று மோதத் தேவையில்லை. உங்கள் ஊர் மருத்துவமனையில் எது துவைத்து மறுபடி வருகிறது, எது குப்பைக்குப் போகிறது, எந்தக் கருவி பழுதாகி மூலையில் கிடக்கிறது என்று விசாரித்து எழுதுங்கள். மருத்துவர்களும் செவிலியர்களும் கருவி செய்யும் தொழிலாளர்களும் எழுதினால் இன்னும் மகிழ்ச்சி. நல்ல முயற்சிகளை வரும் இதழ்களில் மற்ற ஊர்களுக்கும் எடுத்துச் சொல்வோம்.

அன்புடன்,
ஆசிரியர்